ஆஸ்பத்திரி பம்பைப் பற்றி அத்தானுக்கு

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் மச்சினனின் வணக்கம். நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் முறை. நான் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், நலத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் வர வேண்டாம். ஆஸ்பத்திரி பம்பு ஓடுகிறது. மேல்மாடித் தொட்டி வரைக்கும் தண்ணீர் ஏறுகிறது. உங்கள் வேலை என்று இந்த ஊரில் இப்போது எதுவும் பாக்கி இல்லை.

இதோடு நிறுத்தினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அக்கா அழுது அடம்பிடித்து என்னை எழுதவைத்தாள் என்று நினைப்பீர்கள். அக்கா அழவும் இல்லை, அடம்பிடிக்கவும் இல்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படகுக்காரர் உங்கள் கடிதத்தைச் செருப்புக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். பாதி மை வியர்வையில் கரைந்துவிட்டது. தெளிவாக இருந்தது ஒரே ஒரு வரிதான். பம்பைப் பாதியில் விட்டுவந்தது தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது, அடுத்த படகில் வந்து முடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். ஏதோ குடையை மறந்துவைத்துவிட்டு வந்தவர் மாதிரி! அக்கா அதைப் படித்துவிட்டு அடுப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். நெருப்பு ஏற்கெனவே நன்றாகப் பிடித்திருந்தது.

உங்கள் கூட்டத்தின் மேல் எனக்கு என்றைக்குமே பெரிய மரியாதை கிடையாது, அது உங்களுக்கே தெரியும். பெயர்கூட வைத்துக்கொள்ளாத கூட்டம். மிச்சக்காரர்கள் என்று ஊர் வைத்த பெயர்தான். ஒருத்தன் செத்தாலோ, படுத்தாலோ, ஓடிப்போனாலோ, அவன் பாதியில் விட்ட வேலையை இன்னொருத்தன் சத்தமில்லாமல் வந்து முடித்துவிட்டுப் போக வேண்டும். கூலி வாங்கக் கூடாது, பேர் சொல்லக் கூடாது. நல்ல காரியம்தானே, இதற்கு எதற்கு ரகசியச் சத்தியமும் கதவடைத்த கூட்டமும் என்று ஒரு தடவை கேட்டேன். "காலேஜ், உனக்கு இது புரியாது" என்று சொல்லிவிட்டு என் தட்டிலிருந்த கடைசிக் கவளத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டீர்கள். மிச்சத்தை முடிக்கிறாராம்.

எனக்குப் புரியாதது மன்னருக்குப் புரிந்துவிட்டது. தன் ஊர்வலத்தில் கீழ்த்தெருக்காரர்கள் தலைவணங்கவில்லை என்று அந்தத் தெருவுக்குப் போகும் வாய்க்காலைப் பாதியில் நிறுத்தினாரே, அதை நீங்கள் எல்லோரும் சேர்ந்து வெட்டி முடித்தீர்களே, அன்றைக்கே புரிந்துவிட்டது. தான் நிறுத்தச் சொன்னதை எவனோ முடித்துவைக்கிறான், அவன் யார் என்றும் தெரியவில்லை என்றால் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு முதுகு அரிக்காதா? கூட்டத்தை வேரோடு பிடுங்கு என்று உத்தரவு போட்டார். அதுவரைக்கும் உங்களுக்குத் தெரியும், அன்றைக்குத்தானே மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கைக்கூட மாட்டாமல் படகுத்துறைக்கு ஓடினீர்கள். மற்றது நீங்கள் போன பிறகு நடந்தது.

முதலில் வீடு வீடாகப் புகுந்து தேடினார்கள். என்னத்தைத் தேடுவது? உங்களுக்குக் கொடியா, மோதிரமா, சின்னமா, ஒன்றும் கிடையாது. காவல் தலைவருக்கு ஊரில் மீசை என்று பெயர். மீசை கிடையாது, அதனால்தான் அந்தப் பெயர். ஆளை லேசாக நினைக்காதீர்கள், மூளைக்காரர். தேடுவதை நிறுத்துங்கள், பாதி வேலையை அப்படியே விட்டுவைத்துவிட்டு எதிரே உட்காருங்கள், அவர்களே வருவார்கள் என்று சொல்லிவிட்டார்.

வந்தார்கள் அத்தான். முனைக்கடைத் தையல்காரரைப் பிடித்துப்போனபோது மெஷினில் ஒற்றைக் கையோடு ஒரு கோட்டு கிடந்தது. கடையைப் பூட்டாமல் விட்டார்கள். சந்தைத் தெருத் தையல்காரர் நேராக உள்ளே போய் உட்கார்ந்து, இன்னொரு கையைத் தைத்து, பொத்தானும் வைத்து, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தபோது பிடித்தார்கள். அப்புறம் பள்ளிக்கூட பெஞ்சுக்கு ஒரு தச்சர். அப்புறம் ஒரு சுண்ணாம்பு அடிப்பவர், ஏணியிலிருந்தே இறக்கினார்கள். எலி பொறிக்குள் போவது பசியில். உங்கள் ஆட்களுக்கு என்ன கேடு? எதிரே ஆள் நிற்பது தெரிந்தும் போயிருக்கிறார்கள். இந்த மாதிரிப் பிழையை உங்கள் கூட்டத்தைத் தவிர உலகத்தில் வேறு எவனும் செய்யமாட்டான்.

ஊர் இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு சவரக்காரரைச் சவரத்துக்கு நடுவிலேயே கூட்டிப்போய்விட்டார்கள். நாற்காலியில் இருந்தவர் தபால் ஆபீஸ் குமாஸ்தா. ஒரு கன்னம் வழவழ, மறு கன்னத்தில் சோப்பு நுரை. கடை கடையாக ஏறி இறங்கினார், எந்தச் சவரக்காரரும் கத்தியைத் தொடவில்லை. "அண்ணே, முழுசா வளர்த்துக்கிட்டு வாங்க, முதல்லேர்ந்து எடுத்துவிடறேன்" என்று ஒருவர் சொன்னாராம். கடைசியில் வீட்டில் தானே வழித்துக்கொண்டார். இப்போது அதற்காகத் தன்னைப் பிடிப்பார்களோ என்று கவுண்டரில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருக்கிறார்.

சிரித்துவிட்டேன், ஆனால் எங்கள் குடிநீர் ஆபீசும் அதே லட்சணம்தான். வரைபடக்காரர் ஜுரம் என்று லீவு போட்டார், அவர் பாதி இழுத்த கோட்டை மீதி இழுக்க ஆள் இல்லை. பாலத்துக் கைப்பிடி பாதி தூரம் பச்சை, மீதி தூரம் துரு. தோண்டிய தெரு தோண்டியபடியே கிடக்கிறது. பக்கத்து வீட்டம்மா பால் வாங்கப் போகும்போது அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால்கூட அடுத்த வீட்டம்மா யோசிக்கிறார். மன்னர் பிடிக்க நினைத்தது உங்களை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது ஊர் முழுக்க.

இனி பம்புக்கு வருகிறேன். நீங்கள் விட்டுப்போன அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் கிணற்றிலிருந்து வாளியில்தான். அத்தனை படிக்கட்டும் ஏறி வார்டு வார்டாக நர்சுகள் தூக்கினார்கள். அக்காவும்தான். பம்பு அறைக்கு எதிரே மரத்தடியில் ஒரு குடை ரிப்பேர்க்காரர் வந்து உட்கார்ந்தார். மழை பெய்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று யாருக்கும் நினைவில்லை, இவர் குடை ரிப்பேர் செய்கிறார். ஒரே குடையைத்தான் விரிப்பார், மடக்குவார். அக்கா சும்மா இருப்பாளா? "அண்ணே, நீங்க யாரு எவருன்னு எனக்கு வேண்டாம். சும்மாதானே இருக்கீங்க, இந்த வாளியை மேல கொண்டுபோய்க் குடுங்க" என்றாள். அவர் திருதிருவென்று விழித்துவிட்டு வாளியைத் தூக்கினார். மறுநாளிலிருந்து அவள் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. வேவு பார்க்க வந்த ஆள், பாவம், தோள்பட்டைக்குத் தைலம் கேட்டு அவளிடமே வந்து நின்றார்.

உங்கள் கூட்டாளி, அந்தக் கடிகாரக்காரர், ஒருநாள் காலையில் துண்டுக்குள் ஸ்பேனரைச் சுற்றிக்கொண்டு பம்பு அறைப் பக்கம் வந்தார். கடிகாரம் பழுது பார்க்கிறவருக்குப் பம்பு என்ன தெரியும் என்று கேட்காதீர்கள், உங்கள் ஆட்களுக்கு அந்த யோசனையெல்லாம் கிடையாது. குடைக்காரர் குடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அக்கா மாடிப்படியில் இருந்து இதைப் பார்த்துவிட்டாள். அங்கிருந்தே கத்திக்கொண்டு இறங்கினாளாம். "யோவ், வயித்துப்போக்குன்னு வந்துட்டு அங்க எங்கய்யா போற? கக்கூஸ் இந்தப் பக்கம்!" அவர், எனக்கு ஒன்றும் இல்லையே தாயி என்றிருக்கிறார். "இல்லைன்னு நான் சொல்லணும், நீ சொல்லக் கூடாது" என்று சட்டையைப் பிடித்து இழுத்துப்போய், வார்டில் உட்காரவைத்து, எல்லோருக்கும் முன்னால் கசப்பு மருந்தை மூக்கைப் பிடித்து ஊற்றி, வாசல் வழியாக அனுப்பிவைத்தாள். ஸ்பேனர் துண்டோடு கட்டிலுக்கு அடியில் போயிற்று. குடைக்காரருக்குப் புரியாமல் இருந்திருக்காது. உட்கார்ந்து குடையை விரித்துக்கொண்டார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அக்கா சொன்னாள்: "இன்னிக்கு இவர். நாளைக்கு உங்க அத்தான் வந்து நிப்பார். நான் எத்தனை பேருக்குடா மருந்து குடுப்பேன்?" நீ முதலில் படகேறிப் போய்விடு, நீ அங்கே போனால் அவர் ஏன் இங்கே வருகிறார் என்று சொன்னேன். மேல்மாடியில் எழுந்திரிக்க முடியாத நோயாளிகள் இருக்கிறார்கள், தண்ணீர் ஏறாமல் இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன் என்றாள். புருஷனுக்குப் பம்பு, பெண்டாட்டிக்குத் தண்ணீர். உங்கள் இருவருக்கும் ஜாதகம் பார்த்தவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆக, கணக்கு சுலபம். பம்பு ஓடினால் நீங்கள் வரமாட்டீர்கள், கடிகாரக்காரர் வரமாட்டார், அக்கா கிளம்புவாள். முதலில் முறைப்படி எங்கள் தலைமை எஞ்சினியரிடம் போனேன். ஆஸ்பத்திரி பம்பு என்றதும், "எந்தப் பம்பு?" என்றார். அவர் அறை ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரிதான் தெரியும். அவரே எழுந்துபோய் அந்த ஜன்னலைச் சாத்தினார். நல்ல மனுஷர், தாழ்ப்பாளையும் போட்டார். வெளியே வந்துவிட்டேன்.

அப்புறம்தான் யோசித்தேன். குற்றம் என்ன? இன்னொருவன் பாதியில் விட்டதை முடிப்பது. பாதி வேலை என்று ஒன்று அங்கே இல்லாமலே போய்விட்டால்? பட்டப்பகலில், ஆபீஸ் சட்டையோடு, ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். குடைக்காரரிடம் நேராகச் சொன்னேன், "அண்ணே, நான் இதை முடிக்க வரலை. பிரிக்க வந்திருக்கேன்." அவர் குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். "முடிக்கிறவனைத்தான் பிடிக்கச் சொன்னாங்க. பிரிக்கிறவனைப் பத்தி ஒண்ணும் சொல்லலை" என்றார்.

நீங்கள் மாட்டிவைத்திருந்த அத்தனையையும் கழற்றினேன். கோபப்படாமல் படியுங்கள். அடிப்பலகை போல்ட்டு, மோட்டார், பம்பு, கடைசி வாஷர் வரைக்கும். எல்லாவற்றையும் துடைத்து, வந்த மரப்பெட்டியிலேயே வைத்து, மூடியில் ஆணி அடித்து, முற்றத்தின் நடுவில் வைத்தேன். மேடையை வெறும் சிமெண்டாகக் கழுவிவிட்டேன். பெரிய சிஸ்டர் வந்து பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஓ, புதுப் பம்பு வந்திருக்கு போல!" என்றார். அந்த அம்மாவை நாடகத்தில் சேர்க்கலாம்.

மறுநாள் காலையில் ஆணியைப் பிடுங்கி முதலிலிருந்து ஆரம்பித்தேன். என் வேலை, என் ஆரம்பம். நடுவில் ஒன்று சொல்ல வேண்டும். மோட்டார் முன்காலுக்கு அடியில் உயரத்துக்கு வைக்கும் தகடு அதிகமாகக் கொடுத்திருந்தீர்கள். அப்படியே ஓட்டியிருந்தால் கப்ளிங் ஒரு வருஷம்கூடத் தாங்கியிருக்காது. ஓடுகிற அவசரத்தில் வைத்தது என்று சொல்வீர்கள், சொல்லுங்கள். நேர் பார்க்கும் டயல் கருவியை வைத்துச் சுற்றிப் பார்த்து, தலைமுடி அளவுக்கு நேராக்கிவிட்டேன்.

பம்பை மேடையில் ஏற்ற ஒற்றை ஆளால் முடியவில்லை. ஒரு கை கொடுங்கள் என்று குடைக்காரரைக் கூப்பிட்டேன். "நான் தூக்கினா அது எந்தக் கணக்குல வரும்?" என்று தயங்கினார். கூலி வாங்காமல் தூக்கினால்தான் மிச்சக்காரன், அக்கா டீ தருவாள், அது கூலி என்றேன். சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு வந்து தூக்கினார். நல்ல பலம். வாளி தூக்கித் தூக்கி வந்த பலம்.

சுவிட்சைப் போட்டதும் தண்டு நுழைகிற இடத்தில் தண்ணீர் சொட்டியது. குடைக்காரர் பதறிவிட்டார். "ஒழுகுதே தம்பி, இன்னும் முடியலையா?" தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் கிளாண்ட் கயிறு கொஞ்சம் ஒழுகினால்தான் கருகாமல் இருக்கும், ஒழுகுகிறது என்றால் சரியாக முடிந்திருக்கிறது என்று விளக்கினேன். அவர் என்னை நம்பாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாய்க்குள் காற்று இருமிக்கொண்டே மேலே போவது கேட்டது. பிறகு மேல்மாடியில் ஒரு கூச்சல். நான் ஏறிப்போனபோது அக்கா குழாயடியில் நின்றாள். முதலில் துரு வந்தது, பிறகு தெளிந்தது. உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்துப் பார்த்தாள். நல்ல வார்த்தை ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். "போதும், வீணாகுது" என்று குழாயை மூடிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். நடையை மட்டும் பார்க்க வேண்டுமே நீங்கள்.

மீசை மத்தியானமே வந்துவிட்டார். பம்பைச் சுற்றிப் பார்த்தார். பிரித்து முதலிலிருந்து மாட்டினால் வேறு வேலை ஆகிவிடுமா என்று கேட்டார். ஆகும் என்றேன். "சட்டம் படிச்சியா தம்பி?" இல்லை, பம்பு படித்தேன் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மறைக்க மீசையும் இல்லை. அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதெல்லாம் தன் மட்டத்தில் தீர்கிற விஷயம் இல்லை, சனிக்கிழமை காலையில் அரண்மனைக்கு வந்து மேலே இருப்பவர்களிடம் இதே விளக்கத்தைச் சொல் என்றார். மாற்றுச் சட்டை ஒன்று எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். அதை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

தையல்காரர்கள் இருவரும் இன்னும் திரும்பவில்லை. தச்சரும் இல்லை. ஆனால் அவர்கள் விஷயம் வேறு, என் விஷயம் வேறு. என்னிடம் தர்க்கம் இருக்கிறது. நானும் ஏன் படகேறக் கூடாது என்று கேட்பீர்கள். நான் அரண்மனைக்குப் போகாவிட்டால் பம்பைத் தூக்கிய குடைக்காரரைத்தான் பிடிப்பார்கள், பெரிய சிஸ்டரைக் கேட்பார்கள். போதாததற்கு, படகும் சனிக்கிழமைதான் கிளம்புகிறது. அவர்கள் கண் என்மேல் இருக்கும் நேரத்தில் படகுத்துறையில் இருக்காது. இதைவிட நல்ல நேரம் அக்காவுக்குக் கிடைக்காது. மறுத்துப் பேச ஒன்றும் இல்லை, நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இந்த வாரம் எனக்கு ஓயாத வேலை. வரைபடக்காரரின் கோட்டை நானே இழுத்து ஆபீஸ் வேலையை முடித்துக்கொடுத்தேன். வீட்டுக் கூரையில் பிரித்துப்போட்டிருந்த ஓடுகளைப் பதித்தேன். கழற்றிவைத்திருந்த சைக்கிளை மாட்டினேன். அக்கா என்னடா இது புதுப் பழக்கம் என்றாள். என் பேரில் பாதியில் ஒன்று கிடந்தால் உங்கள் ஆட்கள் எவராவது வந்து தொலைப்பார்கள், அந்தப் பழி எனக்கு வேண்டாம். கடிகாரக்காரரைப் பார்த்தும் சொல்லிவிட்டேன்: எங்கள் வீட்டில் எல்லாம் முடிந்துவிட்டது, அந்தத் தெருப் பக்கமே வராதீர்கள் என்று. அவர் ஏனோ என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்கு வேலை இருந்தது, உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தக் கடிதம் நாளைக்கே படகுக்காரரின் தம்பி ஓட்டும் மீன் தோணியில் முந்திக்கொண்டு வரும். அக்கா பின்னால் வருவாள். துறையில் நில்லுங்கள். பலகையில் இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், மூட்டையைத் தூக்கவிடாதீர்கள். ஏன் என்றால், அவள் நேரில் சொல்லத்தான் ஆசைப்படுகிறாள், எனக்கு மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது, நீங்கள் அப்பா ஆகப்போகிறீர்கள். அந்த வயிற்றோடுதான் இவ்வளவு நாளும் வாளி தூக்கினாள். அவள் சொல்லும்போது முதல் தடவை கேட்பது மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளுங்கள். பெண் பிறந்தால் அவளைப் போல் இருக்கட்டும். பையன் பிறந்தால் அவனும் அவளைப் போலவே இருக்கட்டும், தயவுசெய்து உங்களைப் போல் வேண்டாம்.

இன்னொரு விஷயம், அத்தான். இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். அடுத்த படகில் நானும் வந்துவிடுவேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அதை நம்பித்தான் கிளம்புகிறாள், இல்லாவிட்டால் கிளம்பியிருக்கமாட்டாள். அம்மா போனதிலிருந்து என்னை விட்டு ஒருநாள்கூடத் தள்ளி இருந்ததில்லை அவள். அடுத்த படகு வரும்போது துறைக்குப் போக வேண்டும் என்பாள். கூட்டிப்போங்கள். நான் இறங்காவிட்டால், ஆபீசில் விடவில்லை, அடுத்ததில் வருவான் என்று சொல்லுங்கள். குழந்தை பிறக்கும் வரைக்கும் அப்படியே சொல்லிக்கொண்டிருங்கள். உங்களுக்குப் பொய் சொன்னால் காது சிவந்துவிடும், அக்கா கண்டுபிடித்துவிடுவாள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சொல்லுங்கள்.

உங்கள் கால்களைத் தொட்டுக் கேட்கிறேன், என்னைத் தேடி மட்டும் வராதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சினன்